மலைக்கும் கண்ணுக்கும் நடுவே

தேரூர்க் குளக்கரையில் காலை ஏழு மணி. பயிலரங்குக்கு வந்தவர்கள் வடக்கே பார்த்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எதிரே தண்ணீர், அப்பால் தென்னந்தோப்பு, அதற்கும் அப்பால் தாடகைமலை. பூதப்பாண்டியிலிருந்து வந்த ஒரு கல்லூரி மாணவி மலைக்கு அழுத்தமான பச்சையைப் பூசிக்கொண்டிருந்தாள். "மலை நீலமாத் தெரியலையாம்மா?" என்று கேட்டேன். "எங்க வீட்டுக்குப் பொறத்த உள்ள மலை சார். பச்சைதாம்லா" என்றாள். அவள் சொன்னதில் பொய் இல்லை. அந்த மலையின் மரங்களை என்னைவிட அவளுக்குத்தான் தெரியும்.

ஊர் ஊராகப் போய் திறந்தவெளியில் வரையக் கற்றுக்கொடுக்கும் என் பையில் எப்போதும் ஒரு சாம்பல் நிற அட்டை இருக்கும். அதில் பஞ்சிங் மெஷினால் போட்ட ஒரு துளை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அட்டையைக் கை நீட்டிப் பிடித்து, அந்தத் துளை வழியாக முதலில் கரையோரத் தென்னையோலையைப் பார்க்கச் சொன்னேன். பிறகு மலையை. சிறிது நேரம் அவள் பேசவில்லை. அட்டையை எடுத்துவிட்டுப் பார்த்தாள், திரும்ப வைத்துப் பார்த்தாள். "நீலம்தான் சார்" என்றாள், யாரோ தன்னை இத்தனை நாள் ஏமாற்றியதைப் போல.

ஏமாற்றியது அவளுடைய மூளைதான், அதுவும் நல்ல எண்ணத்தோடு. நிழலில் கிடந்தாலும் வெயிலில் கிடந்தாலும் மாம்பழம் மஞ்சள் என்று நாம் அறிவதற்காக, கண்ணுக்குள் வரும் ஒளியைச் சுற்றுப்புறத்தோடு ஒப்பிட்டு மூளை திருத்திக்கொண்டே இருக்கிறது. அந்தத் திருத்தம் இல்லாவிட்டால் காலையில் கண்ட கனியை மாலையில் அடையாளம் தெரியாது. ஆனால் ஓவியருக்கு வேண்டியது திருத்தாத கணக்கு. அட்டைத் துளை ஒரு நிறத்தை அதன் அக்கம்பக்கத்திலிருந்து பிரித்துவிடுவதால், ஒப்பிட ஏதுமின்றி மூளை சும்மா இருந்துவிடுகிறது. அப்போது கண்ணுக்கு வந்த நிறம் அப்படியே தெரிகிறது.

சரி, பச்சை மலையிலிருந்து நீலம் எப்படி வந்தது? அது மலையிலிருந்து வரவே இல்லை. குளக்கரைக்கும் மலைக்கும் இடையில் பல கிலோமீட்டர் காற்று நிற்கிறது. அதில் படும் சூரிய ஒளியைக் காற்றின் மூலக்கூறுகள் நாலாபுறமும் சிதறடிக்கின்றன. அலைநீளம் குறையக் குறையச் சிதறல் கூடும்; அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் கூடும். 700 நானோமீட்டர் சிவப்பு சிதறுவதைவிட 450 நானோமீட்டர் நீலம் கிட்டத்தட்ட ஆறு மடங்கு சிதறுகிறது. ரேலி பிரபு 1871-ல் வகுத்த கணக்கு இது. வானம் நீலமாவதற்குச் சொல்லும் அதே காரணம்தான். நமக்கும் தாடகைமலைக்கும் நடுவே கிடப்பது வானத்தின் ஒரு துண்டு, அவ்வளவே. மலையின் பச்சை அந்தத் துண்டைக் கடந்து வருவதற்குள் மெலிகிறது. வழியில் காற்றின் நீலம் அதன்மேல் சேர்கிறது. தாடகைமலைக்குப் பின்னே, 1,600 மீட்டருக்கு மேல் உயர்ந்த மகேந்திரகிரிக்கு இன்னும் கூடுதல் காற்று. ஆகவே இன்னும் வெளிறிய நீலம்.

இதன் மறுபக்கம் பலர் கவனிக்காதது. தூரத்துக் கருமை நீலமாகும்போது, தூரத்து வெண்மை மஞ்சளாகும். அடிவானத்தை ஒட்டி வெயிலில் நிற்கும் வெண்முகிலைத் துளை வழியாகப் பாருங்கள். தலைக்கு மேலுள்ள முகில் போல வெள்ளையாக இராது, ஆடை படிந்த பாலின் நிறம் இருக்கும். அதன் வெண்மையிலிருந்து நீலத்தை வழியெல்லாம் காற்று எடுத்துக்கொண்டது.

மலையைத் தீட்டுகிறோம் என்று நாம் நினைப்பது பாதிதான் உண்மை. தூரம் கூடக்கூட, நாம் தீட்டுவது இடையிலுள்ள காற்றை. இந்த ஒன்று கைக்கு வந்துவிட்டால் நாஞ்சில் நாட்டில் எந்த வரப்பில் உட்கார்ந்தும் வரையலாம்.

இதே மலைத்தொடரை 230 ஆண்டுகளுக்கு முன் வரைய வந்த இருவர் உண்டு. தாமஸ் டேனியல், அவருடைய அண்ணன் மகன் வில்லியம் டேனியல். 1786-ல் கல்கத்தாவில் வந்து இறங்கியபோது வில்லியமுக்குப் பதினாறு, பதினேழு வயது. வழிநெடுகச் சித்தப்பாவிடம் கற்றுக்கொண்டே வந்த மாணவன். இடம்விட்டு இடம் பெயர்ந்த ஒரு பயிலரங்கு என்றே அதைச் சொல்வேன், மாணவர் ஒருவர் மட்டும். மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்த 1792-ல் சென்னையிலிருந்து புறப்பட்டுத் தெற்கே வந்தார்கள். வில்லையும் கண்ணாடியும் பொருத்திய இருட்டுப் பெட்டி ஒன்றைச் சுமந்து வந்தார்கள். எதிரேயுள்ள காட்சி அதற்குள் தாளின்மேல் விழ, கோடுகளை அப்படியே பென்சிலால் ஒற்றி எடுப்பார்கள். பாபநாசம் அருவியை வரைந்தார்கள். இன்னொரு படத்துக்கு அவர்கள் வைத்த பெயர், களக்காட்டருகே இருந்து எடுத்த கன்னியாகுமரி.

அந்தப் பெயரை முதலில் படித்தபோது எனக்குத் திகைப்பாக இருந்தது. களக்காடு குமரிமுனைக்கு நேர் வடக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தள்ளி, மலைக்குக் கிழக்கே இருக்கும் ஊர். மலைத்தொடர் தெற்கே சரிந்து முடியும் அந்தப் பக்கம் முழுவதும் அவர்களுக்குக் குமரியாகத் தெரிந்திருக்க வேண்டும். இங்கிலாந்து திரும்பியதும் ஊசியும் அமிலமும் கொண்டு செப்புத் தகட்டில் செதுக்கி, 1795-லிருந்து 1808 வரை 144 படங்களாக வெளியிட்டார்கள். அவர்கள் கையாண்டது அக்வாடின்ட் முறை. தகட்டின்மேல் பிசின் தூளைத் தூவிச் சூடாக்கி ஒட்டவைத்து, துகள்களுக்கிடையே அமிலம் அரிக்கவிடுவார்கள். அச்சில் அது கோடாக விழாது, மெல்லிய புகைபோல் விழும். காற்றின் அடுக்குகளைக் காட்ட இதைவிடப் பொருத்தமான அச்சுமுறை அன்று இருந்ததாக நான் நினைக்கவில்லை.

ஐரோப்பாவிலிருந்து நாம் கற்ற ஓவியப் பாடங்களில் சில இங்கே வந்ததும் பிசகும். ஓவியக்கூடத்துக்கு வடக்குச் சன்னல் வைக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. அங்கே வெயில் வடக்கிலிருந்து வராது, ஆகவே ஒளி நாள் முழுவதும் மாறாது. குமரிமுனை இருப்பது 8 பாகை வட அட்சரேகையில். ஏப்ரல் 11-ஐ ஒட்டியும் செப்டம்பர் முதல் நாளை ஒட்டியும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடுகிறது. பனையின் நிழல் அதன் காலடியிலேயே சுருண்டு கிடக்கும். இடைப்பட்ட மாதங்களில் உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. ஆனி மாத நண்பகலில் வடக்குச் சன்னலைத் திறந்து வைத்தால் வெயில் தாளின்மேல் விழும்.

அந்தியும் அப்படித்தான். நம் ஊரில் சூரியன் கடலுக்குள் கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்குகிறது. விளிம்பு நீரைத் தொட்டதிலிருந்து முழு வட்டமும் மறைய இரண்டு நிமிடம் சொச்சம். பிறகு வரைவதற்கு வெளிச்சம் மிஞ்சுவது இருபது, இருபத்திரண்டு நிமிடம். லண்டனில் ஜூன் மாதம் சூரியன் சாய்வாகச் சறுக்கிப் போவதால் அதே வெளிச்சம் ஏறத்தாழ முக்கால் மணி நேரம் நிற்கும். ஆகையால் சொத்தவிளைக் கடற்கரைக்கு மாணவர்களை அழைத்துப் போகும் நாளில், நாலரை மணிக்கே கோடுகளை முடித்து, வெளிர்நிறங்களையும் பூசிவிடச் சொல்வேன். சூரியன் இறங்கத் தொடங்கியபின் பேலட்டில் நிறம் கலக்க ஆரம்பித்தவருக்கு இருட்டுதான் கிடைக்கும்.

அந்த மணலில் உட்கார்ந்திருக்கும்போது சொல்ல எனக்கு இன்னொரு கதை உண்டு. இந்தக் கரையின் சிவப்பு மணலும் கறுப்பு மணலும், நின்றுபோன குமரியம்மன் கல்யாணத்துக்காக வைத்திருந்த அரிசியும் பருப்பும் என்று ஊரில் சொல்வார்கள். சிவப்பு பெரும்பாலும் கார்னெட், கறுப்பு இல்மனைட். மலைப்பாறைகள் உதிர்ந்து ஆறுகள் கொண்டுவந்து சேர்த்தவை. சாதாரண வெண்மணலான குவார்ட்ஸின் அடர்த்தி 2.65, கார்னெட் 4 அளவில், இல்மனைட் 4.7 அளவில். அலை ஏறும்போது எல்லாவற்றையும் தூக்கி வருகிறது, திரும்பும்போது கனமற்றதை மட்டும் இழுத்துப் போகிறது. கனமானது வரிவரியாகத் தங்கிவிடுகிறது.

வாட்டர்கலர் தாளில் நடப்பதும் இதுவே. அல்ட்ராமரின் நீலத்தை நிறையத் தண்ணீரில் கரைத்துச் சொரசொரப்பான தாளில் பூசினால், துகள்கள் தாளின் பள்ளங்களில் போய்ப் படிந்து நுண்ணிய பொட்டுப் பொட்டாகத் தெரியும். தூரத்து மழைமேகத்துக்கு அதைவிட நல்ல தோற்றம் கிடையாது. கடல் பெரிய அளவில் செய்கிற வேலையை ஒரு சாண் தாளில் நாம் செய்கிறோம்.

மறுபடி அந்த மணலுக்கு வருகிறேன். 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைத் தொடர்ந்து வந்து மணவாளக்குறிச்சியில் மோனசைட் என்ற கனிமத்தைக் கண்டுபிடித்தார். அப்போது அதிலிருந்து வேண்டியிருந்தது கேஸ் விளக்கின் வலைக்கான தோரியம். கூடவே கிடந்த இல்மனைட்டின் அருமை பின்னர்தான் தெரிந்தது. அது இரும்பும் டைட்டானியமும் ஆக்சிஜனும் சேர்ந்த கனிமம். இரும்பை நீக்கிவிட்டால் கரியதிலிருந்து டைட்டானியம் டைஆக்சைடு என்ற பால் வெள்ளை கிடைக்கும். 1946-ல் திருவனந்தபுரத்தில் இதற்காகவே ஓர் ஆலை தொடங்கினார்கள். நம் டியூப்களில் உள்ள டைட்டானியம் ஒயிட் இதுதான்.

இது ஏன் அத்தனை வெள்ளை? ஒளியை இது விழுங்குவதில்லை, சிதறடிக்கிறது. ஒளியை வளைக்கும் திறன் தண்ணீருக்கு 1.33, எண்ணெய்க்கு 1.5 அளவில் இருக்க, இதற்கு 2.5-க்கு மேல். துகளை ஒளியின் அலைநீளத்தில் பாதியளவுக்கு அரைத்துவிட்டால் எல்லா நிறத்தையும் ஏறத்தாழ ஒருபோலத் திருப்பி அனுப்பிவிடும். காற்றின் மூலக்கூறு மிகச் சிறியது, அதனால் நீலத்தை மட்டும் அதிகம் சிதறடித்து மலையை நீலமாக்கியது. இந்தத் துகள் பெரியது, ஆகவே வெள்ளை. இரண்டும் ஒரே தொழில்தான். துகளின் அளவு மட்டும் வேறு. மணல் அள்ள அள்ளக் கரை அரிக்கப்படுகிறது, உடல்நலம் கெடுகிறது என்று இந்தக் கடலோர ஊர்கள் எழுப்பும் குரலும் டியூபைப் பிதுக்கும்போது என் காதில் விழத்தான் செய்கிறது. வாட்டர்கலரில் நான் தாளின் வெண்மையையே விட்டுவைக்கப் பார்க்கிறேன்.

வெளியில் வரைபவரை அதிகம் படுத்துவது நிறமல்ல, ஈரம். இந்த மாவட்டத்தில் இதற்கு விசித்திரமான ஒரு சோதனைக்கூடம் உண்டு. ஆடி மாதத்தில் தக்கலைப் பக்கம் வரைந்தால் முதல் பூச்சு காயவே காயாது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் தாளின் தண்ணீருக்குப் போக இடமில்லை. பொறுமை இழந்து அடுத்த நிறத்தை வைத்தால், புதுத் தண்ணீர் பாதி காய்ந்த நிறத்தை நெட்டித் தள்ளி, காலிபிளவர் பூப்போல ஒரு கறை விரியும். பெயின்ட் பெட்டியில் பூஞ்சையும் பூக்கும். நிறத்தைப் பிணைக்கும் வேலமரத்துப் பிசினும், காயாமலிருக்கச் சேர்த்த கிளிசரினும் பூஞ்சைக்கு நல்ல தீனி. பெட்டிக்குள் இரண்டு கிராம்பு போட்டு வைக்கிறேன். நம் மாறாமலைக் காட்டில் விளையும் கிராம்பில் உள்ள யூஜினால் பூஞ்சையைத் தடுக்கும் பொருள்.

அதே நாள் ஆரல்வாய்மொழி தாண்டி முப்பந்தலுக்குப் போங்கள். தென்மேற்குக் காற்று மேற்கே மழையைக் கொட்டிவிட்டு, இரு மலைகளுக்கிடையிலுள்ள கணவாயில் நெருக்கப்பட்டு வேகமெடுத்துப் பாய்கிறது. காற்றாலைகள் அங்கே காடுபோல நிற்பதற்குக் காரணம் அதுதான். ஈரம் குறைந்த வேகக் காற்றில் பிரஷ் தாளின் மறுமுனைக்குப் போவதற்குள் முதல் முனை காய்ந்துவிடும். ஓரங்களில் கறுத்த கோடு விழும். காப்பி சிந்திய மேசையில் வட்டத்தின் விளிம்பு மட்டும் கறுத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். துளியின் ஓரம் தாளைப் பற்றிக்கொள்கிறது. அங்கே தண்ணீர் வேகமாக ஆவியாகிறது. அந்த இழப்பை ஈடுகட்ட நடுவிலிருந்து தண்ணீர் ஓரத்துக்கு ஓடுகிறது, நிறத்தையும் சுமந்துகொண்டு. இதை முறையாக விளக்கிய ஆய்வு சிகாகோ பல்கலைக்கழகத்திலிருந்து 1997-ல்தான் வந்தது. வாட்டர்கலர் ஓவியர்கள் அதற்கு நூற்றாண்டுகள் முன்பே அந்தக் கோட்டை வேண்டும்போது வரவழைக்கவும் வேண்டாதபோது தடுக்கவும் கற்றிருந்தார்கள். கனமான கற்களைப் பலகையின் காலில் கட்டி நிறுத்தி அந்தக் காற்றில் வரைந்த ஒரு படம் என்னிடம் இருக்கிறது. அதன் பனைகளின் விளிம்பு தென்மேற்குக் காற்று போட்டுக்கொடுத்தது.

பயிலரங்கின் கடைசி நாள் எல்லோரையும் விடியுமுன் தோவாளைக்கு வரச் சொன்னேன். பூச்சந்தையில் விளக்கு எரிகிறது. நமக்கு வேண்டியது அதுவல்ல. ஊருக்கு வெளியே ஓர் அரளித் தோட்டத்தின் வரப்பில் இருட்டில் உட்கார்ந்தோம். செல்போனை யாரும் எடுக்கக் கூடாது. கண் இருளுக்கு முழுதாகப் பழக அரைமணி நேரம் வேண்டும், ஒரு முறை திரையைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து. பகல் பார்வைக்கு உரிய கூம்புச் செல்கள் 555 நானோமீட்டர் பக்கம், மஞ்சள்பச்சையில் கூர்மையானவை. இருளில் வேலை செய்யும் கோல் செல்கள் 507 பக்கம், நீலப்பச்சையில். சிவப்பு அவற்றுக்குத் தெரியவே தெரியாது என்று சொல்லலாம். செக் நாட்டு உடலியலாளர் புர்க்கின்யே பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விடியற்காலைப் பூக்களைப் பார்த்து இதைக் கவனித்தார்.

கிழக்கே சற்று வெளுத்தது. செடிகள் சாம்பல் வெளிச்சமாகத் துலங்கின. பக்கத்தில் பூதப்பாண்டி மாணவி மடியில் தாளை வைத்து வரைந்துகொண்டிருந்தாள். இலைகளை வெளிர்நிறத்தில் போட்டாள். பிறகு பிரஷ்ஷைக் கழுவி, பெட்டியில் இடம் பார்த்து, செவ்வரளிப் பூக்கள் ஒவ்வொன்றுக்கும் கறுப்பை வைத்தாள். அட்டையை அவள் என்னிடம் கேட்கவில்லை.