உப்பளக் கரையில் இரும்புத் தேய்மானமும் பீங்கான் கலவைப் பூச்சும்

மரக்காணம் உப்பளங்களை அடுத்துள்ள மணற்பாங்கான கொல்லைகளில் மணிலாப் பயிரிடுவோர், கொழு சீக்கிரம் தேய்ந்துபோவதாக முறையிடுகின்றனர். உப்பளக்காரர்களோ பம்பின் சுழல்தண்டைக் குறித்து முறையிடுகின்றனர். இருசாராரும் குற்றத்தை உப்பின்மேலேயே சுமத்துவது வழக்கம். இது பாதி மட்டுமே உண்மை.

உப்புப் பரல் எஃகைவிட மிகவும் மெதுவானது; எஃகைக் கீற அதனால் இயலாது. கீறுவது மணல். விக்கர்ஸ் என்னும் கடின அளவையில், பதமேற்றிய கொழு எஃகு ஏறக்குறைய 500 காட்டுமாயின், மணலிலுள்ள குவார்ட்ஸ் ஏறக்குறைய 1,000 காட்டும். உப்பின் வேலை வேறு. அது எஃகைத் துருவாக்குகிறது. மணல் அத்துருவைச் சுரண்டியெறிந்து, புது எஃகை மறுபடியும் உப்புக்குக் காட்டிக்கொடுக்கிறது. தனித்தனியே விளையும் சேதங்களின் கூட்டுத்தொகையினும், இரண்டும் சேர்ந்து செய்யும் சேதம் அதிகம்.

இதற்குப் பரிகாரமாகக் கூறப்படுவது பீங்கான் கலவைப் பூச்சு. பெயரைக் கேட்டுச் சாப்பாட்டுத் தட்டை நினைத்துக்கொள்ள வேண்டாம். மணலினும் இருமடங்கு கடினமான டங்ஸ்டன் கார்பைடுப் பொடியைக் கோபால்ட் முதலிய உலோகத்தோடு சேர்த்துச் சூடேற்றி, மிகுந்த வேகத்துடன் எஃகின்மேல் வீசியடிக்கின்றனர். சாந்தில் பதித்த கருங்கல் ஜல்லியைப் போல, பொடி தேய்மானத்தைத் தாங்க, உலோகம் அதனைப் பிடித்துக்கொள்ளுகிறது. இதன் கனம் பெரும்பாலும் கால் மில்லிமீட்டருக்கு மேற்படாது. 1953-இல் திறக்கப்பெற்ற காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில், நிக்கல் முலாத்துடனேயே கடினப் பொடியைப் படியச்செய்யும் மற்றொரு முறையும் ஆராயப்பட்டுள்ளது.

நமது கரையில் இங்கேதான் ஜாக்கிரதை வேண்டும். இப்பூச்சுகளில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. உள்நாட்டில் அவற்றால் பெருங்கேடில்லை. இங்கோ, உப்புநீர் அத்துளைகளின் வழியே அடியிலுள்ள எஃகை எட்டித் துருப்பிடிக்கச் செய்து, பூச்சைச் செதில்செதிலாகக் கிளப்பிவிடுகிறது. கோபால்ட் மட்டும் சேர்ந்த பூச்சு உப்புநீரில் அரிபடும். குரோமியமும் சேர்ந்ததையே கேட்டு வாங்க வேண்டும். துளைகளைப் பிசினால் அடைத்ததுண்டா என்றும் வினவ வேண்டும். இவ்விரண்டுக்கும் விடை சொல்லாத வியாபாரியிடம் முன்பணம் கொடாதிருப்பதே நலம்.

பம்பில் கிளாண்டுக் கயிறு உராயும் தண்டு உறைக்கு இதைப் பூசுவதே முதல்தரமான உபயோகம் என்பது என் அபிப்பிராயம். கயிற்றில் சிக்கிய மணல் அவ்வுறையில் வளையம் வளையமாகக் குழி பறிப்பதனாலேயே நீர் ஒழுகுகிறது. உறையைத் துருவேறா எஃகினால் செய்து, அதன்மேல் பூசுவது உத்தமம்.

கொழுவின் விஷயம் வேறு. கல் கலந்த நிலத்தில் மெல்லிய பூச்சு சிதறிப்போகும். அங்கே குரோமியம் கார்பைடு வெல்டிங் கம்பியால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனத்துக்கு மேவுவது போதும். அது உள்ளூர்ப் பட்டறையிலும் ஆகக்கூடியதே. எதைச் செய்யினும் கொழுவின் ஒரு முகத்தில் மட்டும் செய்க. மற்ற முகம் முந்தித் தேய, கடினமான முகம் கூரிய விளிம்பாக நிற்கும். எலியின் பல் மழுங்காதிருப்பதும் இவ்வாறே.

கருவிகளை வாடகைக்கு விடும் சங்கங்களின் பொறுப்பாளர்களும் கிராம அதிகாரிகளும், ஒன்பது கொழுக் கலப்பை ஒன்றில் மேவிய கொழுக்கள் இரண்டும் மேவாதவை இரண்டும் மாட்டி, உழவுக்கு முன்னும் பின்னும் நிறுத்துக் குறித்துவைப்பார்களாக. டிராக்டர் சக்கரத் தடத்தில் செல்லும் கொழு அதிகம் தேயுமாதலால், நடுவில் ஒருமுறை இடம் மாற்றி மாட்ட வேண்டும். ஏக்கருக்குக் குறைந்த எடையையும் மேவிய கூலியையும் ஒப்பிட்டால் லாபநஷ்டம் விளங்கிவிடும். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி எண்ணெய் தடவுவது, பூசிய கருவிக்கும் விலக்கல்ல.