க்ஷவர பிரஷைத் தொங்கவிடும் காந்தத் தாங்கி

வீட்டுச் சாமான்களுள் மிகச் சிறியதும், அடிக்கடி முகத்தில் படுவதும், ஆயினும் ஒருவராலும் கவனிக்கப்படாததும் யாதெனில், அது க்ஷவர பிரஷேயாம். குடிக்கும் பாத்திரத்தைத் தினந்தோறும் துலக்கிக் கவிழ்த்து வைக்கும் குடும்பங்களிலும், பிரஷ் மட்டும் முதல் நாளைய நுரையோடு ஈரங்காயாமல் ஒரு குவளைக்குள் நின்றுகொண்டிருப்பது வழக்கம். அதைக் காற்றில் தொங்கவிடுவதற்கு ஒரு சிறு காந்தமும் துண்டுப் பலகை இரண்டும் போதும். அத்தகைய தாங்கியொன்றை வீட்டிலேயே செய்துகொள்ளும் முறையும், அதன் காரணமும், அதில் கவனிக்கவேண்டிய அபாயங்களும் கீழே விவரிக்கப்படுகின்றன.

ஈரத்தினால் விளையும் தீங்கு

செம்பாக்கம் தாம்பரத்திலிருந்து வேளச்சேரி செல்லும் சாலையில் அமைந்துள்ளது. ஏரிப் பாசனத்தால் வாழ்ந்த கிராமமாயிருந்து, பின்னர் வீடுகள் நெருங்கிய புறநகராகி, 2021-ஆம் ஆண்டில் தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்தது. இவ்வூர் ஏரியின் உபரி நீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை நோக்கிச் செல்கிறது. அதற்கும் கிழக்கே சில மைல் தூரத்தில் கடல் இருக்கிறது. ஆகையால் காற்றில் ஈரம் மிகுதி. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை பெய்யும்போது, கொடியிற் போட்ட துணியே இரண்டு நாளாயினும் காய்வதில்லை. ஜன்னலற்ற ஸ்நான அறையில் குவளைக்குள் நிற்கும் பிரஷ் எவ்விதம் காயும்?

பிரஷின் மயிர்க்கற்றை கைப்பிடியில் பதிந்திருக்கும் அடிப்பாகத்தில் நீர் நெடுநேரம் தங்குகிறது. ஈரமும், சோப்பும், உதிர்ந்த தோலின் துகளும் ஒன்றுசேர்ந்தால் பூஞ்சணமும் கிருமிகளும் பெருகுவதற்கு வேறொன்றும் வேண்டுவதில்லை. கத்தி பட்ட முகத்தில் கண்ணுக்குப் புலப்படாத கீறல்கள் பல இருக்கும். அவற்றின்மேல் அழுகிய பிரஷைத் தேய்ப்பது கட்டிகளையும் கொப்புளங்களையும் வரவழைப்பதாகும். அன்றியும், மரக் கைப்பிடி நீரில் ஊறி வெடிக்கும். மயிர் வேரோடு கழன்று உதிரும். ஐந்து வருஷம் உழைக்கவேண்டிய பிரஷ் ஒரே வருஷத்தில் குப்பைக்குப் போகும்.

உலக யுத்தத்தில் கற்ற பாடம்

க்ஷவர பிரஷ் அற்பமான பொருளன்று என்பதை முதல் உலக யுத்தம் (1914–1918) மனிதருக்கு விளங்கச் செய்தது. யுத்தத்தினால் வழக்கமான வர்த்தக வழிகள் தடைப்பட்டபோது, பாட்ஜர் என்னும் விலங்கின் மயிருக்குப் பதிலாகக் கிழக்காசியாவிலிருந்து வந்த குதிரை மயிரினால் மலிவான பிரஷ்கள் செய்யப்பட்டன. அம்மயிர் சரிவரக் கிருமி நீக்கம் செய்யப்படவில்லை. அப்பிரஷ்களை உபயோகித்த படைவீரர் பலருக்கும் குடிமக்கள் பலருக்கும் முகத்திலும் கழுத்திலும் கரும்புண் உண்டாயிற்று, சிலர் மாண்டனர். நம் கிராமங்களில் ஆடுமாடுகளைத் திடீரென்று வீழ்த்தும் அடைப்பான் நோயே அது. 1920-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் அரசாங்கத்தார் ஜப்பானிய க்ஷவர பிரஷ்களின் இறக்குமதியைத் தடை செய்தனர்.

இங்கு ஒன்றைத் தெளிவாக அறிதல் வேண்டும். அடைப்பான் கிருமியின் வித்துக்கள் காய்வதனால் சாவதில்லை. அவை பல்லாண்டுகள் உலர்ந்தே கிடந்து பின் உயிர்க்கும். அதற்குப் பரிகாரம் மயிரைத் தொழிற்சாலையிலேயே சுத்தி செய்வதுதான். ஆனால் தினசரி வாழ்வில் நேரும் பூஞ்சணத்துக்கும் சாதாரணக் கிருமிகளுக்கும் ஈரமே ஜீவாதாரம். அவற்றின் பெருக்கத்தைக் காற்றும் வெளிச்சமும் தடுக்கும்.

காற்றினதும் வெளிச்சத்தினதும் மேன்மையைச் செம்பாக்கத்தார்க்குப் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை. டாக்டர் சௌரி முத்து அவர்கள் 1928-ஆம் ஆண்டில் நிறுவிய க்ஷயரோக சானடோரியம் பக்கத்திலேயே இருக்கிறது. மருந்து அகப்படாத அக்காலத்தில் திறந்த வெளியையும் நல்ல காற்றையுமே சிகிச்சையாகக் கொண்டு அது தொடங்கிற்று. ரயில் நிலையமும் இன்றளவும் தாம்பரம் சானடோரியம் என்றே வழங்குகிறது.

காந்தத்தின் இயல்பு

காந்தம் இரும்பை இழுக்கும். பித்தளை, செம்பு, அலுமினியம் ஆகியவற்றை இழுக்காது. எவர்சில்வரில் இரு வகையுண்டு: நிக்கல் கலந்த வகை பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டுவதில்லை, நிக்கல் கலவாத வகை ஒட்டும். ஆகவே எந்த உலோகத் துண்டையும் வாங்குமுன் காந்தத்தால் தொட்டுப் பார்த்தல் வேண்டும்.

தூரம் சிறிது கூடினாலும் காந்தத்தின் இழுப்பு வெகுவாகக் குறைந்துவிடும். இதை அறிய, காந்தத்துக்கும் இரும்புக்கும் இடையே ஒவ்வொரு காகிதமாக வைத்து இழுத்துப் பார்த்தால் போதும். பத்துக் காகிதத்தின் கனத்திலேயே வித்தியாசம் கைக்குத் தெரியும். ஆதலால் தாங்கியில் காந்தமும் இரும்பும் நேருக்கு நேர் ஒட்டுமாறு அமைப்பதே முறை.

இக்காலத்தில் எளிதில் அகப்படும் காந்தங்கள் இரண்டு. பழைய ஒலிபெருக்கிகளில் உள்ள கறுப்பு வளையம் ஒன்று. இது இரும்பின் துருவோடு வேறு உப்புக்களைச் சேர்த்துச் சுட்டுச் செய்யப்படுவது. முன்னமே துருவாயிருப்பதால் மேலும் துருப்பிடிப்பதில்லை. ஆனால் பீங்கானைப்போல் உடையும். மற்றொன்று 1980-களில் கண்டுபிடிக்கப்பட்ட நியோடிமியம் காந்தம். காசளவே இருந்தும் மிகுந்த வலிமையுடையது. ஆயினும் மேற்பூச்சு கீறினால் விரைவில் துருவேறி உதிரும். சென்னை ரிச்சி தெருவின் மின்சாதனக் கடைகளில் இவ்விரண்டும் கிடைக்கும்.

தேவையான சாமான்கள்

முக்கால் அங்குலக் கனமுள்ள தேக்கு அல்லது வேம்புப் பலகைத் துண்டு இரண்டு, ஒவ்வொன்றும் ஆறு அங்குல நீளமும் மூன்று அங்குல அகலமும் உடையதாக, இருபது மில்லிமீட்டர் குறுக்களவும் மூன்று மில்லிமீட்டர் கனமும் உள்ள நியோடிமியம் காந்தம் ஒன்று, ஏறக்குறைய அதே அகலமுள்ள இரும்பு வாஷர் ஒன்று, இரு குழாய்களிலிருந்து எடுத்துக் கலக்கும் எபாக்ஸிப் பசை, மரத் திருகாணி நான்கு, உப்புத்தாள், கொஞ்சம் வார்னிஷ். மரத் துண்டுகளைத் தச்சரிடம் கழிவாகவே பெற்றுக்கொள்ளலாம்.

செய்யும் முறை

முதலாவது, ஒரு பலகையின் அடிப்பக்கத்தில், முன்விளிம்பிலிருந்து ஒன்றரை அங்குலம் உள்ளே, காந்தம் அமரும் அளவுக்கு வட்டமான குழி எடுக்கவேண்டும். ஆழம் காந்தத்தின் கனத்துக்குச் சற்றே கூடுதலாயிருப்பது நலம்; ஆனால் காந்தத்தின் முகம் மரத்தின் மட்டத்துக்குள் மிகவும் பதிந்துவிடலாகாது.

இரண்டாவது, இப்பலகையை மற்றொன்றின் மேல்விளிம்போடு செங்கோணமாகச் சேர்த்துப் பின்புறமிருந்து இரண்டு திருகாணி முடுக்கவேண்டும். சுவரில் பொருந்தும் முதுகுப் பலகையும் முன்நோக்கி நீண்ட தட்டும் இவ்வாறு அமையும். குழி தட்டின் கீழ்ப்புறம் இருப்பதைக் கவனித்துக்கொள்க.

மூன்றாவது, குழியில் பசையிட்டுக் காந்தத்தை அழுத்தி ஒருநாள் முழுதும் அசையாமல் விடவேண்டும். அருகில் இரும்புச் சாமான் இருந்தால், பசை உலருமுன் காந்தம் அதை நோக்கி எழும்பிவிடும்.

நான்காவது, பிரஷின் கைப்பிடி அடியை உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெய்ப் பசையும் சோப்பும் நீங்கத் துடைத்து, வாஷரையும் அவ்வாறே தேய்த்து ஒட்டவேண்டும். பசை இறுகிய பின்னர் மரத்துக்கும் காந்தத்துக்கும் வாஷருக்கும் மெல்லிய வார்னிஷ் பூச்சு கொடுத்தால் நீர் உட்புகாது.

காந்தத்தைப் பிரஷில் ஒட்டி இரும்பைப் பலகையில் வைத்தாலாகாதோவென்று சிலர் கேட்கலாம். ஆகும், ஆனால் பிரஷிலுள்ள காந்தம் கீழே விழுந்த பிளேடுத் துண்டையும் ஊசியையும் பொறுக்கிக்கொண்டு முகத்தருகே வரும். ஆதலால் காந்தம் சுவரிலேயே இருத்தல் வேண்டும்.

பரீக்ஷை

சாதாரணப் பிரஷ் நூறு கிராமுக்குள்ளேயே இருக்கும். தாங்கியைச் சுவரில் அடிக்குமுன், வேறொரு வாஷரில் கயிறு கட்டி அரைக் கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டுப் பார்க்கவேண்டும். கால் மணி நேரம் நின்றால் தாங்கி தேறியதாகக் கொள்ளலாம். விழுந்தால், பூச்சு கனத்ததோ குழி ஆழ்ந்ததோ என்று சோதித்தல் வேண்டும். அடுத்து, பிரஷில் ஒட்டிய வாஷரைக் கையால் இழுத்து, பசையின் உறுதியையும் பார்த்துக்கொள்க.

ஸ்நான அறையில் நீர் தெறிக்காத இடமாகவும், ஜன்னலுக்கு அருகாகவும், குழந்தைகளின் கைக்கு எட்டாத உயரமாகவும் பார்த்து, எஞ்சிய இரண்டு திருகாணியால் முதுகுப் பலகையைப் பொருத்தவேண்டும். க்ஷவரம் முடிந்ததும் பிரஷை நல்ல நீரில் அலசிப் பிழிந்து உதறி, மயிர் கீழ்நோக்கத் தொங்கவிட்டால், நீர் அடியில் தேங்காது நுனி வழியே இறங்கும். எல்லாப் பக்கமும் காற்றுப் படுவதே இம்முறையின் சாரம். தொங்கவிட்டும் மூடிய அறையில் அடைத்து வைத்தால் பயனில்லை.

எச்சரிக்கை

முதலாவது குழந்தைகளைப் பற்றியது. நியோடிமியம் காந்தங்கள் இரண்டைக் குழந்தை விழுங்கினால், அவை வயிற்றினுள் குடலை நடுவே கவ்வித் துளைத்துவிடும். இதனால் உயிருக்கே மோசம் நேரும். விழுங்கியதாகச் சந்தேகம் தோன்றினாலும் காத்திராமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும். தேவைக்கு மேல் காந்தம் வாங்கி வீட்டில் சிதறவிடுதல் கூடாது.

இரண்டாவது, இருதயத் துடிப்பைச் சீராக்கும் கருவி பொருத்தப்பட்டவர் இக்காந்தத்தை மார்பருகே கொண்டுவரலாகாது.

மூன்றாவது, காந்தம் ஒட்டுகிறதென்று பிளேடுகளையும் அதே தட்டில் தொங்கவிடும் ஆசை எழும். அது தவறு. பிரஷுக்குக் கை நீட்டும்போது விரல் அறுபடும்.

நான்காவது எல்லாவற்றினும் முக்கியமானது. ஒரே பிரஷையும் ஒரே பிளேடையும் தகப்பனும் பிள்ளைகளும் மாற்றி உபயோகிக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. ரத்தக்கறை பட்ட பிளேடினால் மஞ்சட்காமாலைக்குக் காரணமான ஹெபடைடிஸ்-பி நோய் பரவக்கூடும். அதன் கிருமி உடலுக்கு வெளியே ஏழு நாள் வரையிலும் வலிமையோடிருக்க வல்லது. தாங்கி எவ்வளவு நேர்த்தியாயினும் இக்கேட்டைத் தடுக்காது. ஆளுக்கொரு பிரஷ், ஆளுக்கொரு பிளேடு என்பதே விதி. முடிதிருத்தும் நிலையத்திலும் தம் கண்முன்னே புதுப் பிளேடு மாற்றும்படி கேட்பதில் கூச்சம் வேண்டுவதில்லை.

இருவர் க்ஷவரம் செய்துகொள்ளும் வீட்டில் பலகையைச் சற்று நீளமாக வெட்டி, நான்கு அங்குல இடைவெளியில் இரு காந்தம் பதித்தால் போதும். ஒவ்வொரு வாஷருக்கும் வெவ்வேறு வர்ணம் தீட்டிவிட்டால், விடியற்காலை அரை வெளிச்சத்திலும் ஒருவர் பிரஷை மற்றொருவர் எடுக்கமாட்டார். மழைக்காலம் தொடங்குமுன் வருஷத்துக்கொரு முறை பசையையும் வார்னிஷையும் பார்த்துச் சீர்செய்து வந்தால், பலகை உள்ளளவும் தாங்கி உழைக்கும்.