புரட்டாசியில் எடுத்த ஏணி

தேனிப் பக்கத்து ஆட்களுக்குப் புயல் என்பது நாகப்பட்டினம், கடலூர் என்று செய்தியில் கேட்டுப் பழகிய சங்கதி. சுற்றிலும் மலை, கடலோ தொலைவு. அந்த நினைப்பைக் கலைத்தது கஜா. 2018 நவம்பர் 16 அதிகாலை நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறி, திண்டுக்கல், கொடைக்கானல் வழியே மேற்கே நகர்ந்து, மலை தாண்டி அரபிக்கடலிலும் போய் இறங்கியது. வலுவிழந்துதான் வந்தது என்றாலும் வந்துவிட்டது.

காற்று இந்தப் பள்ளத்தாக்குக்குப் புதிதில்லை. ஆனி, ஆடியில் கணவாய் வழியே அடிக்கும் தென்மேற்குக் காற்றில் குலை தள்ளிய வாழை தோட்டத்தோடு சாயும். ஆண்டிபட்டி, கண்டமனூர் பக்கம் காற்றாலைகள் நிற்பதே அதை நம்பித்தான். ஆகவே வீட்டை மழைக்கும் காற்றுக்கும் தயார் செய்ய ரேடியோ எச்சரிக்கைக்காக யாரும் காத்திருந்ததில்லை. அது புரட்டாசி மாத வேலை.

அன்று பெரும்பாலும் ஓட்டு வீடு. உச்சி வெயிலில் கதவு சன்னலை அடைத்துவிட்டு, உள்ளே இருட்டில் நின்று அண்ணாந்து பார்ப்பார்கள். ஊசி ஊசியாக வெளிச்சம் இறங்கும் இடத்தில் ஓடு விரிந்திருக்கிறது என்று அர்த்தம். கீழே நிற்பவர் நீளக் கம்பால் தட்டிக் காட்டுவார். "மாமா, இன்னும் சோத்தாங்கைப் பக்கம் ரெண்டு ஓடு தள்ளுங்க" என்று சத்தம் கொடுக்க, மேலே இருப்பவர் அதை உருவிவிட்டு நல்ல ஓட்டைச் சொருகுவார். ஓட்டின் மேல் நடக்கத் தெரிந்தவர் தெருவுக்கு ஒருவர் இருந்தால் அதிகம். கைமரம் ஓடும் இடம் பார்த்துக் கால் வைக்காவிட்டால் ஓடும் உடையும், இடுப்பும் உடையும். கூரை வீடென்றால் முகட்டுக்குக் குறுக்கே கயிறு போட்டு, இரண்டு முனையிலும் கல்லைக் கட்டித் தொங்கவிடுவார்கள்.

மற்றதெல்லாம் பெண்கள் பாடு. ஐப்பசி அடைமழைக்கு முன்னால் காய்ந்த விறகும் வரட்டியும் பரணுக்கு ஏறியாக வேண்டும். மண்ணெண்ணெய் வாங்கி, அரிக்கேன் விளக்குக்குத் திரி மாற்ற வேண்டும். ஈர விறகோடு மல்லுக்கட்டியவர்களுக்கு மழைக்காலம் என்றாலே புகைதான்.

இன்று கான்கிரீட் வீடு. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை கைப்பேசிக்கே வந்துவிடுகிறது. கலெக்டர் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டாரா என்று பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை. பவர் பேங்க்கில் சார்ஜ் ஏற்றி, மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பி, ரெண்டு பாக்கெட் பால் கூடுதலாக வாங்கினால் ஏற்பாடு முடிந்தது. நல்ல மாற்றம்தான். ஓடு மாற்ற ஏறி விழுந்தவர்களை நினைத்தால் பழையதைப் புகழ எனக்கு மனசு வரவில்லை.

ஆனால் அந்தக் கான்கிரீட்டின் தலையிலேயே நாம் ஒரு வம்பை ஏற்றி வைத்திருக்கிறோம். துணி காயப் போடவும், விசேஷத்துக்குப் பந்தி போடவும் மொட்டை மாடியில் தகர ஷீட். போட்ட நாளோடு அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஜே போல்ட் துருப்பிடித்து, வாஷர் வெடித்து, ஒரு மூலை லேசாகத் தூக்கினால் போதும், காற்று அடியில் புகுந்து மொத்தத்தையும் உரித்துவிடும். ஓடு விழுந்தால் நம் வீட்டுக்குள் விழும். ஷீட் பறந்தால் மின்கம்பியிலோ, அடுத்த வீட்டிலோ போய் விழும். மாடித் தண்ணீர் இறங்கும் குழாயின் வாயில் சருகு அடைத்திருப்பது தனிக் கதை.

பெயர் வைத்த புயல் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்றும் இருக்க முடியாது. 2025 அக்டோபரில் முல்லைப் பெரியாற்றங்கரை ஊர்களை வெள்ளக்காடாக்கியது எந்தப் புயலும் இல்லை, இரவோடு இரவாகக் கொட்டிய மழை. ஓடையை மறித்துக் கட்டிய தெருவில் எவ்வளவு நல்ல வீடு கட்டினாலும் தண்ணீர் வாசல் வழியாகவே வரும்.

எனவே இந்தப் புரட்டாசியில் ஏணியை எடுங்கள். போல்ட்டை முறுக்கிப் பாருங்கள், துருப்பிடித்ததை மாற்றுங்கள், சருகை அள்ளுங்கள். வேலை செய்யாத டிஷ் ஆன்டெனாவையும் காலித் தொட்டியையும் கீழே இறக்குங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077. அதையும் கைப்பேசியில் பதிந்து வையுங்கள்.