ஆறு மாதக் குடித்தனம்

சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் அப்பா அம்மாக்களிடம் கேட்கும் கேள்விகள் சாதாரணமானவை. பையன் எங்கே வேலை பார்க்கிறான், எத்தனை பிள்ளைகள், முன்பு போயிருக்கிறீர்களா, எத்தனை நாள் இருப்பீர்கள். எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுவது ஒரே சந்தேகம்: இவர்கள் திரும்பி வருவார்களா? 1952-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின் 214(பி) பிரிவு அப்படித்தான் சந்தேகப்படச் சொல்கிறது. பார்வையாளர் விசா கேட்பவர் அங்கேயே தங்கிவிடப் போகிறவர் என்று முதலில் வைத்துக்கொள். இல்லையென்று காட்டவேண்டியது அவர் பாடு. எழுபது வருஷத்துக்கு மேலாகியும் பார்வையாளர்களுக்கு அந்தப் பிரிவு அப்படியே இருக்கிறது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்கிற குடும்பம்தான் அடையாளம் தெரியாமல் மாறிவிட்டது.

எழுபதுகளில் இங்கிருந்து போனவர்கள் பெரும்பாலும் டாக்டர்கள், இன்ஜினீயர்கள், மேல்படிப்புக்குப் போய் அங்கேயே வேலையில் சேர்ந்தவர்கள். 1965-ல் ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்திட்ட சட்டம் நாட்டுவாரியான பழைய ஒதுக்கீட்டைத் தூக்கிவிட்டு, படித்தவர்களுக்கும் உறவினர்களுக்கும் கதவைத் திறந்திருந்தது. படித்த இந்தியருக்கு அன்று கிரீன் கார்டு மலையைப் புரட்டும் காரியமாக இருக்கவில்லை. கார்டு வந்து ஐந்து வருஷத்தில் குடியுரிமைக்கு மனுப் போடலாம். குடியுரிமை வந்துவிட்டால் பெற்றவர்களை நிரந்தரமாகவே அழைத்துக்கொள்ளலாம். 21 வயது நிரம்பிய குடிமகனின் தாய் தந்தைக்கு, வருஷத்துக்கு இத்தனை பேர்தான் என்ற உச்சவரம்பே கிடையாது. இந்த விதி இன்றுவரை உயிரோடு இருக்கிறது.

வழி திறந்துதான் கிடந்தது. போகத்தான் ஆள் இல்லை. அந்தக் காலத்து அப்பாவுக்கு நாலைந்து பிள்ளைகள். ஒருத்தன் அமெரிக்காவில் என்றால் ஒருத்தன் திருச்சியில், ஒருத்தி பம்பாயில், கடைக்குட்டி கூடவே. ஊரில் வீடு, கொஞ்சம் நிலம், வழக்கு, கோவில் திருவிழா. "அங்க வந்து நாங்க என்னப்பா பண்றது?" என்று கேட்டார்கள். அது பிகு அல்ல, உண்மையாகவே கேட்ட கேள்வி. மகளின் பிரசவத்துக்கு அம்மா ஒரு தடவை போவாள். ரிடையர் ஆனபின் இருவருமாக ஒரு தடவை. அந்தப் பயணத்துக்கு அத்தாட்சியாக இன்றும் பல வீட்டுச் சுவர்களில் ஒரு போட்டோ தொங்குகிறது: பட்டுப்புடவைக்கு மேல் ஸ்வெட்டர், காலில் கேன்வாஸ் ஷூ, பின்னால் நயாகரா.

அந்த ஒரு தடவைக்கே பாடு கொஞ்சமில்லை. பாஸ்போர்ட்டுக்கு ஹாடோஸ் ரோடு சாஸ்திரி பவனுக்கு நடந்து செருப்புத் தேயும். போலீஸ் விசாரணை, அது வராமல் மறுபடி நடை. விசாவுக்கு ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் விடியுமுன்பே போய் நடைபாதையில் வரிசை பிடிக்கவேண்டும். இடம்பிடித்துக் கொடுத்துக் காசு பார்த்தவர்களும் உண்டு. உள்ளே போனால் அன்றைக்கே முடிவு தெரிந்துவிடும் என்பது ஒன்றுதான் அந்த ஏற்பாட்டின் புண்ணியம். அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு இறுக்கமாக இருந்ததால் சட்டைப்பையில் டாலர் என்று சொல்லிக்கொள்ளும்படி ஏதும் இருக்காது. இறங்கிய நிமிஷத்திலிருந்து மகன் கையை எதிர்பார்க்கவேண்டும். ஒரு வாழ்நாள் முழுக்கக் குடும்பத்துக்குச் சம்பளம் கொண்டுவந்த மனிதருக்கு இது உறுத்தியது என்பதைப் பின்னால் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

இங்கிலீஷ் தெரியாத அம்மா தனியாகப் போனால், மகன் ஏரோகிராமில் எழுதி அனுப்பியபடி ஒரு கடிதத்தை டைப் அடித்துக் கைப்பையில் வைப்பார்கள். இவர் இன்னார், இன்ன விமானத்தில் நியூயார்க் போகிறார், மரக்கறி உணவுதான் சாப்பிடுவார், விமானம் மாறுமிடத்தில் தயவுசெய்து வழிகாட்டவும். பம்பாயிலும் லண்டனிலும் யூனிபாரம் போட்ட யாரைக் கண்டாலும் அதை நீட்டவேண்டியது. இன்று அந்தக் கடிதத்தின் வேலையை வீல்சேர் செய்கிறது. "உனக்கு வீல்சேர் போட்டிருக்கேம்மா" என்று மகள் சொன்னால் முழங்காலைப் பற்றிய பேச்சு அல்ல அது. பிராங்க்பர்ட்டில் கேட் மாறினால் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ப்பார்கள், குடிநுழைவு வரிசையில் கூடவே ஒருவர் நிற்பார். ஊரில் மூன்று மாடி ஏறி இறங்கும் பெண்மணிகள் அந்த நாற்காலியில் கூச்சத்தோடு உட்கார்ந்திருப்பதை எந்த நள்ளிரவிலும் மீனம்பாக்கத்தில் பார்க்கலாம்.

போய்ச் சேர்ந்தபின் அன்றைய பெற்றோருக்கு வாய்த்தது நிசப்தம். புறநகர் வீடு, எட்டு மணிக்கு எல்லாரும் கிளம்பிவிடுவார்கள், கார் ஓட்டத் தெரியாது, பக்கத்து வீட்டில் யாரென்று தெரியாது, ஜன்னலுக்கு வெளியே பனி. ஊருக்குப் பேச மூன்று நிமிஷக் கணக்கு. நியூயார்க்கில் ஃப்ளஷிங் பிள்ளையார் கோவிலுக்கு 1977-ல் கும்பாபிஷேகம் ஆயிற்று. பிட்ஸ்பர்க்கில் பெருமாள் கோவிலும் அந்தப் பத்தாண்டில் எழுந்ததுதான். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மூன்று மணிநேரம் காரில் போய் ஒரு தமிழ் முகத்தைப் பார்த்துவிட்டு வருவது அந்த அம்மாக்களுக்கு வாரம் முழுவதற்குமான மருந்து. ஆறு மாதம் தங்க அனுமதி கொடுத்தால் நாலு மாதத்தில் டிக்கெட்டை மாற்றச் சொல்லி நச்சரிப்பார்கள். திரும்பி வருவார்களா என்று சந்தேகப்பட்ட அதிகாரி அந்த நச்சரிப்பைக் கேட்டிருக்கவேண்டும்.

குடும்பக் கதை திரும்பிய இடம் 1990. அந்த ஆண்டுச் சட்டம்தான் இன்றைய எச்-1பி வேலை விசாவுக்கு உருவம் கொடுத்தது. தொண்ணூறுகளின் கடைசியில் கம்ப்யூட்டர் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகப் போனது அதன் வழியாகத்தான். அதே சட்டம் எச்-1பி விண்ணப்பதாரரை 214(பி) சந்தேகத்திலிருந்து விடுவித்துவிட்டது. மகன் தங்கிவிடும் எண்ணத்தோடு போனாலும் குற்றமில்லை. அப்பா மட்டும் இன்னும் நிரூபித்துக்கொண்டிருக்கிறார். எச்-1பிக்காரரின் கணவன், மனைவிக்கும் 21 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் எச்-4 விசா உண்டு. பெற்றவர்களுக்கு அதில் இடமில்லை. அந்தச் சட்டத்தின் கணக்கில் குடும்பம் அதற்குள் முடிந்துவிடுகிறது.

சரி, மகன் கிரீன் கார்டு வாங்கி, குடிமகனாகி அழைக்கட்டும் என்றால், அவன் நிற்கும் வரிசை நகரவில்லை. வேலைவழி கிரீன் கார்டில் எந்த ஒரு நாட்டுக்கும் ஏழு சதவீதத்துக்கு மேல் கிடையாது. மேல்படிப்புக்காரர்களுக்கான இரண்டாம் பிரிவில் இந்தியர்களுக்கு 2025 அக்டோபரில் நடந்துகொண்டிருந்தது 2013-ல் பதிந்தவர்களின் முறை. நேற்று பதிந்தவன் எப்போது வாங்கி, அதன்பின் ஐந்து வருஷம் கழித்துக் குடிமகனாகி, எந்த வயதில் அப்பாவை அழைப்பான்? அங்கே பிறந்த பேத்திக்கு 21 ஆனதும் அவளே மகனுக்கும் மருமகளுக்கும் மனுப் போடலாம் என்று அமெரிக்காவில் ஃப்ரீமாண்ட் பக்கம் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். சட்டப்படி அது சரியும்கூட. தாத்தா பாட்டிக்கு மனுப் போட மட்டும் பேத்திக்கு வழியில்லை.

ஆக, அழைக்க முடிந்த காலத்தில் வர மனமில்லாத பெற்றோர். வரவேண்டிய காலத்தில் அழைக்க முடியாத பிள்ளைகள். இன்று பல வீடுகளில் இரண்டே பிள்ளைகள், இரண்டும் வெளிநாட்டில். நங்கநல்லூரிலும் அண்ணா நகரிலும் மூன்று படுக்கையறை ஃபிளாட்டில் இரண்டு பேர், பிறகு ஒருவர். அதனால் ஒரு வினோதமான குடித்தனம் உருவாகியிருக்கிறது. குடியேறாமல் குடியேறுவது. பத்து வருஷ பி-2 பார்வையாளர் விசா, ஒவ்வொரு தடவையும் ஆறு மாதம்.

அந்த விசா வாங்கும் வழியும் தெருவிலிருந்து திரைக்குப் போய்விட்டது. டி.எஸ்.160 படிவத்தை மகன் அமெரிக்காவில் உட்கார்ந்து ராத்திரியில் நிரப்புவான். அப்பா இங்கே வாட்ஸ்அப்பில் விவரம் சொல்வார். ஐந்து வருஷத்தில் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகள் என்னென்ன? பேஸ்புக் ஒன்று இருக்கிறது, பாஸ்வேர்டு ஞாபகமில்லை. பயங்கரவாதச் செயலில் ஈடுபட்டதுண்டா, ஆள்கடத்தலில் உதவியதுண்டா என்ற கேள்விகளுக்கு அம்மாவின் சார்பில் வரிசையாக "இல்லை" போடவேண்டும். ஒரு நாள் கைரேகை, வேறொரு நாள் நேர்முகம். வீட்டுப் பத்திரம், வங்கி டெபாசிட், பென்ஷன் புத்தகம், பேரனின் காதுகுத்துப் போட்டோவரை அடுக்கிய கனமான ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு போவார்கள். பெரும்பாலும் அதை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. தமிழ் பேசும் அதிகாரி இரண்டு நிமிஷம் பேசுவார், அவ்வளவுதான்.

அந்த இரண்டு நிமிஷத்துக்கு, கொரோனா முடிந்த 2022-ன் கடைசியில், முதல்முறை போகிறவர்கள் இரண்டு வருஷத்துக்கு மேல் காத்திருக்க வேண்டிவந்தது. பேத்தி பிறந்து நடக்கத் தொடங்கிவிடுவாள். 2023-ல் பாங்காக் போய் நேர்முகம் முடிக்கலாம் என்று தூதரகமே சொன்னது. பாங்காக்கைப் பார்க்க ஆசையே படாத எத்தனையோ பேர் அந்தச் சாக்கில் போய்வந்தார்கள். 2025 செப்டம்பரில் அந்தக் கதவும் சாத்தப்பட்டது, சொந்த நாட்டிலோ வசிக்கும் நாட்டிலோதான் விண்ணப்பிக்க வேண்டும் என்று. 79 வயதைக் கடந்தவர்களுக்கு நேர்முகம் வேண்டாம் என்றிருந்த சலுகையும் அதே மாதம் போயிற்று. வரிசை நடைபாதையில் இருந்தபோது அதன் நீளமாவது கண்ணுக்குத் தெரிந்தது.

பெட்டி கட்டுவது தனிக் கலை. 32 கிலோவாக இருந்தது இன்று பெரும்பாலும் 23. கொக்கித் தராசில் மாட்டி, அரைக் கிலோ அதிகமென்றால் முறுக்கை எடுப்பதா வத்தலை எடுப்பதா என்று வீடே விவாதிக்கும். அரிசிக்கு 2011 முதல் தடை, தானியப் பூச்சி பயத்தால். பச்சைக் கறிவேப்பிலை எலுமிச்சை வகை மரங்களுக்கு நோய் கொண்டுவரும் என்பதால் அதுவும் கூடாது. இதையெல்லாம் ஒளித்துக்கொண்டு போக இப்போது அவசியமும் இல்லை. எடிசனிலும் சன்னிவேலிலும் தோசைமாவே பாக்கெட்டில் கிடைக்கிறது. இருந்தாலும் கொண்டுபோவார்கள். பெட்டி முழுக்கத் துணி மட்டும் வைத்துக்கொண்டு மகள் வீட்டுக்கு எப்படிப் போவது?

அன்றைய நிசப்தம் பெருமளவு போய்விட்டது. ஃப்ரீமாண்டில் எலிசபெத் ஏரியைச் சுற்றிக் காலையில் நடந்தால் குல்லாவும் மங்கி கேப்பும் போட்ட நம்மூர்ப் பெரியவர்கள் வரிசையாக எதிரே வருவார்கள். வணக்கத்துக்கு அடுத்த வார்த்தை "உங்களுக்கு எப்போ முடியுது?" என்பதாக இருக்கும். யாருக்கு எந்தத் தேதியில் ஆறு மாதம் முடிகிறது என்று எல்லாருக்கும் தெரியும். நட்பு முற்றும் நேரத்தில் ஒருவர் கிளம்பிவிடுவார். அவர் இடத்துக்குப் பல சமயம் அவருடைய சம்பந்தியே வருவார். குழந்தையைப் பார்த்துக்கொள்ள அம்மா ஆறு மாதம், மாமியார் ஆறு மாதம் என்பது எழுதாத ஒப்பந்தம். குளிர்காலம் யார் பங்கு என்பதில்தான் சம்பந்திகளுக்குள் மனத்தாங்கல்.

ஊரில் விட்டுவந்த பாதி வாழ்க்கையும் கூடவே வரும். முன்பெல்லாம் நவம்பரில் பென்ஷனுக்கான லைஃப் சர்டிபிகேட் கொடுக்க வங்கிக்கு நேரில் போயாகவேண்டும் என்பதற்காகவே பலர் தீபாவளிக்குள் திரும்பினார்கள். 2014-ல் டிஜிட்டல் சான்று வந்தது. 2021 முதல் போனில் முகத்தைக் காட்டினால் போதும். அது தீர்ந்த இடத்தில் ஓ.டி.பி. வந்து உட்கார்ந்துகொண்டது. கரண்ட் பில் கட்டக்கூட இந்திய எண்ணுக்கு ஓ.டி.பி. வரவேண்டும், சிம்மைச் செத்துப்போகாமல் வைத்திருப்பதே ஒரு வேலை. ஆறு மாத மாத்திரை தனிப் பையில். காப்பீடு உண்டு, ஆனால் ஏற்கெனவே இருக்கும் சர்க்கரைக்கும் இதயத்துக்கும் அது பெரும்பாலும் கை கொடுப்பதில்லை. அந்த வயதில் ஏற்கெனவே இல்லாத வியாதி என்ன இருக்கிறது?

அமெரிக்கக் குடிமகனான பிள்ளை வாய்த்து கிரீன் கார்டே வாங்கியவர்கள் நிம்மதியாக இருக்கிறார்களா என்றால், அதுவும் முழுசாக இல்லை. 1996-க்கு முன் குடியேறிய முதியவர்களுக்குச் சில வருஷத்தில் அரசு உதவித்தொகை கிடைத்தது. அந்த ஆண்டுச் சட்டம் அதை நிறுத்தி, செலவுப் பொறுப்பைக் கையெழுத்திட்டு ஏற்கும்படி பிள்ளைகளைக் கட்டிப்போட்டது. மெடிகேர் என்ற முதியோர் மருத்துவக் காப்பீடு வேண்டுமென்றால் ஐந்து வருஷம் தொடர்ந்து அங்கே வசித்திருக்கவேண்டும். அங்கே வேலை பார்த்த கணக்கு இல்லாததால் முழுச் சந்தா, 2025-ல் ஆஸ்பத்திரிக்கும் டாக்டருக்குமாக மாதம் 700 டாலருக்கு மேல், ஒருவருக்கு. ஊருக்குப் போய் ஆறு மாதத்துக்கு மேல் தங்கினால் விமான நிலையத்தில் கேள்வி, ஒரு வருஷம் தாண்டினால் கார்டுக்கே ஆபத்து. ஆக பி-2காரர் ஆறு மாதத்தில் அமெரிக்காவை விட்டு ஓடுகிறார். கார்டுக்காரர் ஆறு மாதத்தில் சென்னையை விட்டு ஓடுகிறார்.

கனடா இதற்கு ஒரு வழி கண்டது. 2011 டிசம்பரில் சூப்பர் விசா என்று கொண்டுவந்து, 2022 ஜூலை முதல் ஒரு தடவை போனால் ஐந்து வருஷம் இருக்கலாம் என்று ஆக்கியது. மருத்துவக் காப்பீட்டை ஒரு லட்சம் கனடிய டாலருக்கு எடுத்துக்கொள், பிள்ளையின் வருமானத்தைக் காட்டு என்று நேராகக் கேட்கிறது. குடியுரிமை தருவதில்லை, தருவதாகச் சொல்லவும் இல்லை. எனக்கு அது நேர்மையான ஏற்பாடாகப் படுகிறது. அமெரிக்காவில் அப்படி ஒன்றைப் பற்றிப் பெரிய பேச்சே எழவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு விதவைத் தாயார் நியூ ஜெர்சி மகளிடம் ஏப்ரலில் போய் செப்டம்பரில் திரும்புகிறார். தொடர்ந்து இப்படிப் போனால் எல்லையில் மறிப்பார்களோ என்று, அங்கே இருந்ததைவிட இங்கே கூடுதல் நாள் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறார். கோயம்புத்தூரில் முதியோர் குடியிருப்பு ஒன்றில் முன்பணம் கட்டலாமா என்று மகன் கேட்கிறான். சமையல் எப்படி என்று ஒரு வாரம் தங்கிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார். விசா 2027-ல் முடிகிறது. புதுப்பிக்க நேர்முகத்துக்குப் போகணுமா, பாஸ்போர்ட்டை மட்டும் கொடுத்தால் போதுமா என்று மகளைப் பார்த்துச் சொல்லச் சொல்லியிருக்கிறார்.