க்யூட், கிளாட் தேர்வுகளில் ஆங்கிலப் பத்தி: தமிழ் வழி மாணவர்கள் தடுமாறுவது ஏன், தயாராவது எப்படி?

தேனி மாவட்டம் பெரியகுளம் பக்கத்தில் இருக்கிறது ஜெயமங்கலம். இந்த ஊரில் தமிழ் வழியில் பிளஸ் டூ படிக்கும் ஒரு மாணவி, திருவாரூரில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேர ஆசைப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பிளஸ் டூ மார்க் மட்டும் போதாது. ‘க்யூட்’ எனப்படும் பொது நுழைவுத் தேர்வை எழுத வேண்டும். தேசிய சட்டப் பல்கலைக்கழகம்தான் கனவு என்றால் ‘கிளாட்’.

இரண்டிலுமே மாணவர்களை மிரட்டும் ஒரு பகுதி உண்டு. ரீடிங் காம்ப்ரிஹென்ஷன். ஆங்கிலத்தில் ஒரு நீளமான பத்தி, அதன் கீழே நாலைந்து கேள்விகள். ‘நமக்கு இங்கிலீஷ் வராது’ என்று பலரும் கைவிடும் இடம் இதுதான்.

ஆனால் இந்தப் பகுதி சோதிப்பது எத்தனை ஆங்கிலச் சொற்கள் தெரியும் என்பதை மட்டுமல்ல. எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடியே படிக்கத் தெரிகிறதா என்பதைத்தான் முக்கியமாகச் சோதிக்கிறது. இது பழகினால் வரும். எப்படி என்று பார்க்கலாம்.

முதலில், ஆங்கிலத் தாள் உங்களுக்குக் கட்டாயமா?

இதைப் பார்க்காமலேயே பலர் தயாரிப்பில் இறங்கிவிடுகிறார்கள். க்யூட் தேர்வில் ஆங்கிலம், இந்தி, தமிழ் உட்பட 13 மொழிகளில் மொழித்தாள் இருக்கிறது. டெல்லி பல்கலைக்கழகத்தின் பல இளநிலைப் படிப்புகளுக்கு இந்தப் பட்டியலில் ஏதாவது ஒரு மொழி போதும். அதாவது, தமிழையே மொழித்தாளாக எழுதலாம். பி.ஏ. ஆனர்ஸ் ஆங்கிலம் போன்ற படிப்புகளுக்கு ஆங்கிலத் தாள் கட்டாயம். பாடத் தாள்களின் வினாத்தாளையும் தமிழில் கேட்டு வாங்கலாம்.

எனவே விண்ணப்பிக்கும் முன் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் அந்தப் படிப்புக்கு எந்த மொழித்தாள் கேட்கிறார்கள் என்று பார்த்துவிடுங்கள். இது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம், படிப்புக்குப் படிப்பு மாறும்.

கிளாட்டில் இந்த வசதி கிடையாது. முழுத் தேர்வும் ஆங்கிலத்தில்தான்.

தேர்வில் என்ன வரும்?

மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் இளநிலைத் தேர்வு 2022-ல் தொடங்கியது. மாநிலப் பாடத்திட்ட மாணவர்களை இது பின்தள்ளும் என்று சொல்லி, 2022 ஏப்ரல் 11-ல் தமிழ்நாடு சட்டமன்றம் இதற்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றியது. அந்த விவாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். இந்த ஆண்டு விண்ணப்பம் போடுகிறவர் தேர்வை எழுதித்தான் ஆக வேண்டும்.

2025-ல் மாற்றப்பட்ட முறைப்படி ஒரு தாளுக்கு 50 கேள்விகள், 60 நிமிடம். சரியான விடைக்கு 5 மார்க், தவறானதற்கு 1 மார்க் கழியும். மொழித்தாளில் தகவல் சார்ந்தது, கதை சொல்வது, இலக்கியம் என மூன்று வகைப் பத்திகள் வரும். வாக்கியங்களை வரிசைப்படுத்துவது, சரியான சொல்லைத் தேர்வது, ஒத்த சொல், எதிர்ச்சொல் ஆகியவையும் உண்டு.

கணக்குப் போட்டால் ஒரு கேள்விக்கு 72 நொடி. பத்தியைப் படிக்கும் நேரமும் இதற்குள்தான்.

கிளாட்டில் 2 மணி நேரம், 120 கேள்விகள். ஆங்கிலப் பகுதியில் 22 முதல் 26 கேள்விகள் வரை. ஒவ்வொரு பத்தியும் சுமார் 450 சொற்கள். தவறான விடைக்கு கால் மார்க் கழியும். இதில் சட்டம், பொது அறிவு, தர்க்கம் போன்ற பகுதிகளும் பத்தி வடிவில்தான் வரும். ஆக, படிக்கும் வேகம் இல்லாமல் கிளாட் இல்லை.

தடுமாற்றம் எங்கே வருகிறது?

தமிழ் வழியில் படித்தவர்களுக்குப் பெரிய சிக்கல் சொற்கள் அல்ல, வாக்கிய அமைப்பு. தமிழில் நாம் இப்படிச் சொல்வோம்: ‘போன மாதம் பெரியகுளத்தில் திறந்த கடையில் வேலை பார்க்கும் பையன் நேற்று வந்தான்.’ விவரம் எல்லாம் முன்னாடி, ஆளும் வினையும் கடைசியில்.

இதே செய்தியை ஆங்கிலம் அடுக்கும் வரிசை வேறு: ‘பையன் - வேலை பார்க்கிறவன் - கடையில் - திறந்தது அது - பெரியகுளத்தில் - போன மாதம் - வந்தான் - நேற்று.’ பையனுக்கும் ‘வந்தான்’ என்ற வினைக்கும் நடுவில் ஒரு கடையே திறந்துவிட்டது! சொல் ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் தெரிந்தும் வாக்கியம் புரியாமல் போவது இதனால்தான்.

தீர்வு எளிது. நீளமான வாக்கியம் வந்தால் இரண்டே கேள்வி கேளுங்கள்: யார்? என்ன செய்தார்? இந்த இரண்டையும் முதலில் பிடித்துவிட்டால், ‘ஹூ’, ‘விச்’, ‘தட்’ என்று தொடங்கி நடுவில் நுழையும் பகுதியை அப்புறமாகச் சேர்த்துக்கொள்ளலாம். தினமும் ஐந்து நீள வாக்கியங்களை இப்படிப் பிரித்துப் பாருங்கள். முதல் வாரம் இழுக்கும், போகப் போகப் பழகிவிடும்.

தமிழிலேயே ஒரு டெஸ்ட்

பத்தியைப் படித்து விடையளிப்பது நமக்குப் புதுசு இல்லை. தமிழ்ப் பாடத் தேர்விலேயே செய்ததுதான். இதைப் படியுங்கள்:

‘முல்லைப்பெரியாறு அணை 1895-ல் திறக்கப்பட்டது. மேற்கே ஓடி அரபிக்கடலில் கலந்த நீரின் ஒரு பகுதி, அப்போது முதல் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே திரும்பியது. அது கம்பம் பள்ளத்தாக்கைக் கடந்து வைகையில் சேர்கிறது. ஆனாலும், ஆண்டிபட்டி அருகே வைகையின் குறுக்கே அணை திறக்கப்பட்டது 1959-ல்தான்.’

கேள்வி: இந்தப் பத்தியிலிருந்து எதை முடிவு செய்யலாம்?

அ) பென்னிகுயிக் தன் சொத்தை விற்று அணையைக் கட்டினார்.
ஆ) வைகை அணை வந்த பிறகே பெரியாற்று நீர் கிழக்கே திரும்பியது.
இ) பெரியாற்று நீர் வைகைக்கு வரத் தொடங்கி அறுபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பிறகே வைகை அணை வந்தது.
ஈ) கம்பம் பள்ளத்தாக்கு விவசாயம் முழுவதும் இந்த நீரை மட்டுமே நம்பியிருக்கிறது.

விடை ‘இ’. 1895-க்கும் 1959-க்கும் இடையே 64 ஆண்டுகள். பத்தி இதை நேரடியாகச் சொல்லவில்லை, ஆனால் அதில் இருக்கும் இரண்டு வரிகளைச் சேர்த்தால் கிடைத்துவிடுகிறது.

மற்ற மூன்றும் மூன்று வகைப் பொறிகள். தேனி மாவட்டத்துக்காரர்கள் பலரும் விழக்கூடியது ‘அ’. சின்ன வயதிலிருந்து கேட்ட கதை என்பதால் கை தானாக அங்கே போகும். ஆனால் பென்னிகுயிக் பெயரே பத்தியில் இல்லை. வெளியே கேள்விப்பட்டது எதுவாக இருந்தாலும், பத்தியில் இல்லாவிட்டால் அது விடை இல்லை. ‘ஆ’ பத்தியில் உள்ள சொற்களையே எடுத்து வரிசையைத் தலைகீழாக்குகிறது. ‘ஈ’ சொல்வதும் பத்தியில் இல்லை. ‘முழுவதும்’, ‘மட்டுமே’ என்று பத்தி சொல்லாத அளவுக்கு அது நீட்டிச் சொல்கிறது. ஆங்கிலத்தில் ‘ஆல்’, ‘ஒன்லி’, ‘நெவர்’, ‘ஆல்வேஸ்’ வரும் விடைகளை இரண்டாவது முறை சரிபாருங்கள்.

ஆங்கிலப் பத்தியிலும் பொறிகள் இதே மாதிரிதான் வரும், மொழி மட்டும் வேறு.

தெரியாத சொல் வந்தால்?

உடனே நின்றுவிட வேண்டாம். அந்தச் சொல் நல்ல அர்த்தத்தில் வருகிறதா, கெட்ட அர்த்தத்தில் வருகிறதா என்பதை முன்னும் பின்னும் உள்ள வரிகளை வைத்து ஊகியுங்கள். பல கேள்விகளுக்கு அதுவே போதும்.

அதைவிட முக்கியம் இணைப்புச் சொற்கள். ‘ஹவெவர்’, ‘பட்’, ‘ஆல்தோ’ வந்தால் பேச்சு திசை மாறுகிறது. நம் பத்தியில் ‘ஆனாலும்’ செய்த வேலை அதுதான். ‘தேர்ஃபோர்’, ‘ஹென்ஸ்’ வந்தால் முடிவு வருகிறது. ‘அன்லெஸ்’ வந்தால் நிபந்தனை. இப்படி ஒரு இருபது சொற்களைத் தெளிவாகத் தெரிந்து வைத்திருப்பது, ஆயிரம் கடினச் சொற்களை மனப்பாடம் செய்வதைவிட இந்தப் பகுதிக்கு அதிகம் உதவும்.

கேள்வியையும் கவனியுங்கள். ‘நாட்’, ‘எக்ஸெப்ட்’ என்ற ஒரு சொல்லைத் தவறவிட்டால் எல்லாம் தெரிந்தும் மார்க் போய்விடும்.

விடை தெரியவில்லை... விடலாமா, அடிக்கலாமா?

க்யூட் கணக்கைப் பாருங்கள். நான்கு கேள்விகளைக் கண்ணை மூடிக்கொண்டு அடித்தால், சராசரியாக ஒன்று சரியாகும். 5 மார்க் வரும், 3 போகும், மிச்சம் 2. லாபம் சொற்பம்தான், அதுவும் நிச்சயமில்லை. ஆனால் நான்கு விடைகளில் இரண்டை நீக்கிவிட்டு அடித்தால் கதையே வேறு. நான்கு கேள்விகளில் இரண்டு சரியாகி 10 வரும், 2 போகும், மிச்சம் 8. எனவே முதல் வேலை சரியான விடையைத் தேடுவது அல்ல, தவறானதைக் கழிப்பது. மேலே பார்த்த பொறிகள் இதற்குத்தான் உதவும்.

எட்டு வாரத் திட்டம்

கோச்சிங் சென்டர் பக்கத்தில் இல்லையா? கையில் இருப்பதை வைத்தே தொடங்கலாம்.

முதல் 2 வாரம்: பிளஸ் ஒன், பிளஸ் டூ ஆங்கிலப் பாடநூலின் உரைநடைப் பாடங்கள். தினம் ஒரு பக்கம். நேரம் பார்க்க வேண்டாம். ஒவ்வொரு பத்தி முடிந்ததும் அதன் சாரத்தைத் தமிழில் ஒரே வரியில் எழுதுங்கள். எழுத வரவில்லை என்றால் பத்தி புரியவில்லை என்று அர்த்தம். திரும்பப் படியுங்கள்.

3, 4-வது வாரம்: ஆங்கில நாளிதழின் தலையங்கம் அல்லது கட்டுரை, தினம் ஒன்று. செல்போனிலேயே படிக்கலாம். வாக்கியத்தைப் பிரிப்பது, இணைப்புச் சொல்லைக் குறிப்பது, இவ்வளவுதான் வேலை.

5, 6-வது வாரம்: பழைய வினாத்தாள்கள். க்யூட்டை நடத்தும் தேசியத் தேர்வு முகமையும், கிளாட்டை நடத்தும் தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பும் இவற்றைத் தங்கள் தளங்களில் இலவசமாகவே தருகின்றன. தினம் இரண்டு பத்திகள், இனி நேரம் வைத்து. கேள்விகளை ஒருமுறை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் பத்திக்குப் போவது சிலருக்கு ஒத்துவரும், சிலருக்கு வராது. இரண்டையும் முயன்று, உங்களுக்கு எது சரியோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

7, 8-வது வாரம்: முழுத் தாள்கள். க்யூட் கம்ப்யூட்டரில் நடக்கும் தேர்வு. பேப்பரில் அடிக்கோடு போட்டே பழகியவர்களுக்குத் திரையில் படிப்பது தடுமாற்றமாக இருக்கும். பள்ளியின் கம்ப்யூட்டர் லேபில் சில தாள்களையாவது திரையில் போட்டுப் பாருங்கள். கிளாட் பேனா, பேப்பர் தேர்வு என்பதால் அதைத் தாளிலேயே பழகுங்கள்.

கூடவே ஒரு தவறு நோட்டு. ஒவ்வொரு தவறான விடைக்கும் காரணம் எழுதுங்கள்: சொல் தெரியவில்லை, வாக்கியம் புரியவில்லை, கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லை, பத்தியில் இல்லாததைச் சேர்த்துவிட்டேன், நேரம் இல்லை. பத்து நாளில் உங்கள் பலவீனம் எது என்று நோட்டே சொல்லிவிடும். ‘இங்கிலீஷ் வராது’ என்று மொத்தமாக நினைத்தது, ‘அவசரத்தில் கேள்வியைத் தப்பாகப் படிக்கிறேன்’ என்று சுருங்கிவிட்டால், அதைச் சரிசெய்வது சுலபம்.

வேலைக்குப் போகும் அண்ணன்களும் அக்காக்களும் என்ன செய்யலாம்?

உங்கள் வீட்டிலோ ஊரிலோ பிளஸ் டூ படிக்கும் தம்பி, தங்கை இருந்தால் பணம் செலவழிக்கத் தேவையில்லை. காலையில் ஒரு ஆங்கிலக் கட்டுரையின் லிங்க்கை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். ராத்திரி போன் போட்டு, ‘அதில் என்ன சொல்லியிருக்காங்க, தமிழில் சொல்லு’ என்று கேளுங்கள். சொன்னதும், ‘எந்த வரியில் இருக்கு?’ என்று இன்னொரு கேள்வி. தினம் பத்து நிமிடம் போதும். பதிலோடு வரியையும் காட்டும் பழக்கம் வந்துவிட்டால், தேர்வு அறையில் அவர்கள் தேட வேண்டியதும் அதே வரியைத்தான்.