கல்லுக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

கோவை ஆர்.எஸ்.புரத்தின் முழுப் பெயர் இரத்தினசபாபதிபுரம். பெயரிலேயே இரத்தினம் இருக்கிறது! மாணவர்களே, அங்குள்ள நகைக்கடை ஒன்றுக்கு அடுத்த முறை சென்றால், கல் நகைகளின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். சிலவற்றில் கல்லின் பின்புறம் மூடியிருக்கும், சிலவற்றில் திறந்திருக்கும். ஏன் இந்த வேறுபாடு?

கல் பதிக்கும் கலை கொங்கு நாட்டுக்குப் புதிதன்று. கோவை வழியே ஓடும் நொய்யல், கிழக்கே கொடுமணலைத் தொட்டுச் செல்கிறது. அங்கே 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் ஏராளமான கல்மணிகள் கிடைத்தன. சூதுபவளக் கற்கள் பதித்த சிறிய புலி உருவம் ஒன்றும் கிடைத்தது.

மூடிய பதிப்பு

இதைக் கடைகளில் ‘குளோஸ் செட்டிங்’ என்பார்கள். பழைய கெம்பு நகைகளில் இதைக் காணலாம். தட்டையான கல்லுக்குள் புகும் ஒளி பெரும்பாலும் பின்பக்கமாகவே வெளியேறிவிடும். எனவே கல்லுக்கு அடியில் பளபளப்பான மெல்லிய தகடு ஒன்றை வைத்துப் பின்புறத்தை மூடிவிடுகிறார்கள். தகடு கண்ணாடிபோல ஒளியைத் திருப்பி அனுப்புகிறது.

வடநாட்டுக் குந்தன் வேலையில், கல்லைச் சுற்றித் தூய தங்கத் தகட்டை வைத்து அழுத்துகிறார்கள். தங்கத்தில் களிம்பு ஏறுவதில்லை. ஆகவே தகடுகள் நெருப்பின்றி, அழுத்தத்தாலேயே ஒன்றோடொன்று இணைந்துவிடுகின்றன!

திறந்த பதிப்பு

சரியாகப் பட்டை தீட்டிய வைரத்துக்குத் தகடு தேவையில்லை. வைரத்தின் ஒளிவிலகல் எண் 2.42. எனவே அதன் மாறுநிலைக் கோணம் ஏறக்குறைய 24 பாகைதான். சாதாரணக் கண்ணாடிக்கோ 42 பாகை. வைரத்தின் பின்பட்டைகளில் 24 பாகைக்கு மேற்பட்ட கோணத்தில் விழும் ஒளி முழு அக எதிரொளிப்பு அடைந்து முன்னே திரும்புகிறது. ஆகவே சிறு கம்பிக் கால்களால் கல்லைப் பற்றிப் பிடித்தால் போதும். அந்தக் கால்கள் எளிதில் வளையக் கூடாது. அதனால்தான் வைர நகைகளுக்குப் பெரும்பாலும் 18 காரட் தங்கத்தைப் பயன்படுத்துகிறார்கள். அதில் 75 விழுக்காடு தங்கம். எஞ்சியவை கடினம் தரும் பிற உலோகங்கள்.

எண்ணெய் செய்யும் வேலை

வைரத்தின் பின்னால் காற்று இருக்கும்வரைதான் 24 பாகைக் கணக்கு. அங்கே எண்ணெய் படிந்தால் மாறுநிலைக் கோணம் ஏறக்குறைய 37 பாகையாக உயர்கிறது. முன்பு திரும்பி வந்த ஒளியில் ஒரு பகுதி இப்போது பின்னால் கசிந்துவிடும். பாட்டியின் வைரத்தோடு எண்ணெய்க் குளியலுக்குப் பின் மங்குவது இதனால்தான். சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் மெல்லத் துலக்கினால் ஒளி மீண்டுவிடும்.

ஆனால் மூடிய பதிப்பு நகையை நீரில் ஊறவைக்காதீர்கள்! உள்ளே ஈரம் புகுந்தால் தகடு கறுக்கும்; பிறகு எவ்வளவு துலக்கினாலும் கல் ஒளிராது. எனவே கழுவுவதற்கு முன் பின்புறத்தைப் பாருங்கள்.

செய்து பாருங்கள்

நீர் நிறைந்த கண்ணாடிக் குவளையில் வெற்றுச் சோதனைக் குழாய் ஒன்றைச் சாய்வாக அமிழ்த்தி, மேலிருந்து பாருங்கள். குழாய் வெள்ளிபோல மின்னும். இப்போது குழாய்க்குள் நீர் ஊற்றுங்கள். நீர் ஏறிய அளவுக்கு வெள்ளி மறைந்துவிடும். பாட்டியின் தோட்டில் நடந்ததும் இதுவே அல்லவா?