சிகரெட் துண்டு சிக்கியது. பஸ்சுக்குக் குண்டு வைத்தது யார்?

செத்துப்போன சொந்தக்காரர்களின் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றப் புறப்பட்டவர்கள் அவர்கள். பாதி வழியில் 12 பேர் பிணமானார்கள். ராணுவம் கூடவே காவலுக்கு வந்தும் இந்தக் கொடுமை நடந்தது!

சம்பவம் நடந்தது 2001-ம் ஆண்டு பிப்ரவரி 16-ந்தேதி, வெள்ளிக்கிழமை. இடம், ஐரோப்பாவில் உள்ள கொசோவோ.

கொசோவோவில் அல்பேனியர்கள்தான் பெரும்பான்மை. செர்பியர்கள் கொஞ்சம் பேர். 1999-ல் செர்பியப் படை அல்பேனியர்களை லட்சக்கணக்கில் வீட்டைவிட்டு விரட்டியது. நேட்டோ விமானங்கள் 78 நாள் குண்டு போட்டன. ஜூன் மாதம் அந்தப் படை வெளியேறியது.

சண்டை நின்றது. பழிக்குப்பழி நிற்கவில்லை. இப்போது அடி வாங்கியது அங்கேயே இருந்த சாதாரண செர்பியர்கள். லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மூட்டை கட்டினார்கள். மிச்சம் இருந்தவர்கள் வெளிநாட்டு ராணுவத்தின் காவலில், தனித்தனி ஊர்களில் முடங்கினார்கள். பஸ் ஏறுவதாக இருந்தால்கூட முன்னும் பின்னும் கவச வண்டி வேண்டும்!

கல்லறைக்குப் பயணம்

மறுநாள் சனிக்கிழமை, செர்பியர்கள் முன்னோர்களை நினைக்கிற நாள். நம்ம ஊர் மகாளய அமாவாசை மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். வேகவைத்த கோதுமையும் மெழுகுவர்த்தியும் எடுத்துக்கொண்டு கல்லறைக்குப் போவார்கள். கொசோவோவைவிட்டு ஓடிப்போன குடும்பங்களுக்கும் அன்று ஊருக்குப் போகாமல் மனசு கேட்காது.

செர்பியாவின் நிஷ் நகரிலிருந்து கிராச்சனிட்சாவுக்கு பஸ்கள் வரிசையாகப் புறப்பட்டன. எல்லையைத் தாண்டி, பொதுயேவோ என்ற ஊர் அருகே வந்தன.

அங்கே ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போகும் குழாயில் குண்டு தயாராக இருந்தது. வைத்தவர்கள் தூரத்தில் மறைந்திருந்தார்கள். முன்னால் போன கவச வண்டிகளை ஒன்றும் செய்யவில்லை. முதல் பஸ் வந்தது. டமார்!

பஸ்சின் முன்பகுதி சுக்குநூறானது. இறந்தவர்களில் 2 வயதுக் குழந்தையும் உண்டு. அதன் அப்பா, அம்மா இருவரும் அதே பஸ்சில் பலியானார்கள். 40-க்கும் மேற்பட்டவர்கள் காயம் அடைந்தார்கள்.

கீரைப் பணியாரத்தில் கத்தரி

குண்டை இயக்கிய இடத்தில் போலீசாருக்கு ஒரு சிகரெட் துண்டு கிடைத்தது. அதில் ஒட்டியிருந்த எச்சிலை வைத்து மரபணு சோதனை நடந்தது. ஜெர்மனி போலீசின் பழைய பதிவில் இருந்த ஓர் அல்பேனிய வாலிபருடன் அது பொருந்தியது.

அந்த வாலிபர் உட்பட நான்கு பேர் பிடிபட்டார்கள். அவர்களை அடைத்து வைத்தது சாதாரண ஜெயிலில் அல்ல. பாண்ட்ஸ்டீல் என்ற பெரிய அமெரிக்க ராணுவ முகாமில். அங்கிருந்து அந்த வாலிபர் மே மாதமே கம்பி நீட்டிவிட்டார்! வீட்டிலிருந்து வந்த கீரைப் பணியாரத்துக்குள் கம்பி வெட்டும் கத்தரி இருந்ததாகப் பத்திரிகைகளில் செய்தி வந்தது. அமெரிக்க ராணுவம் காவல் காத்த லட்சணம் இது.

மற்ற மூன்று பேரும் அந்த வருடக் கடைசியில் விடுவிக்கப்பட்டார்கள்.

தப்பியவர் 2004-ல் அல்பேனியாவில் மாட்டினார். வெளிநாட்டு நீதிபதிகள் விசாரித்தார்கள். 2008-ல் 40 வருடம் ஜெயில் என்று தீர்ப்பு வந்தது. குடும்பத்தை இழந்தவர்கள் அப்பாடா என்று மூச்சுவிட்டார்கள்.

அந்த மூச்சு ஒரு வருடம்கூட நிலைக்கவில்லை. 2009 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டு அவரை விடுதலை செய்தது. குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்பது தீர்ப்பு. சட்டப்படி அவர் நிரபராதி. சிகரெட் பிடித்ததும் குண்டு வெடித்ததும் ஒரே ஆளின் வேலை என்று துண்டை மட்டும் வைத்துச் சொல்ல முடியாதுதான். ஆனால் வேறு ஆளை யாரும் கொண்டுவந்து நிறுத்தவும் இல்லையே!

அதே ஊரில் இன்னொரு படுகொலை

இதே பொதுயேவோவில் 1999 மார்ச் மாதம் 14 அல்பேனியப் பெண்களையும் குழந்தைகளையும் சுவரோரம் நிறுத்திச் சுட்டுக்கொன்றார்கள். சுட்டது 'தேள்கள்' என்ற செர்பியப் படைப்பிரிவு. குண்டடி பட்டுப் பிழைத்த பிள்ளைகள் பெல்கிரேடு கோர்ட்டுக்கே போய், சுட்டவனைப் பார்த்துச் சாட்சி சொன்னார்கள். சிலர் நீண்டகாலத் தண்டனை அடைந்தார்கள். எதிராளி ஊர் கோர்ட்டிலேயே அது நடந்தது.

பஸ் வழக்கில் அப்படி எழுந்து நின்று அடையாளம் காட்ட ஆள் இல்லை. குண்டு வைத்தவர்கள் முகத்தை பஸ்சில் இருந்த யாரும் பார்க்கவில்லை. பார்த்திருக்கக்கூடிய உள்ளூர்க்காரர்கள் வாய் திறக்கவில்லை. 2009-க்குப் பிறகு அந்த 12 பேரின் சாவுக்காக ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை.